நிலாணி துவக்குப் பழகிய கதை

ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜ் பக்கம், எங்கள் தெருக்களுக்குள் காட்டு வான்கோழிகள் வருவது புதினமில்லை. பள்ளத்தாக்குக் காட்டிலிருந்து மேலே ஏறி வந்து, குப்பை வாளிகளைச் சுற்றி நடந்து, பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போகும். சித்திரை மாதத்தில் மட்டும் சேவல்களுக்கு வெறி ஏறிவிடும். கார்க் கதவில் தெரியும் தன் உருவத்தையே வேறொரு சேவல் என்று நினைத்துக் கொத்தும். 2022 சித்திரையில் அப்படியொரு சேவல் வினோதனின் புதுக் காரைப் பிடித்துக்கொண்டது.

வினோதன் பதினெட்டுச் சில்லு லொறி ஓட்டுபவன். கை நீண்ட, தோள் அகன்ற மனிதன். பனி அள்ளும் சவலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தான். முதல் அடி காரில் விழுந்து கதவு நெளிந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்குவதற்குள் சேவல் எழும்பி அவனுடைய தொடையில் காலால் அடித்தது. அந்தப் பறவையின் காலில் பின்பக்கமாக ஆணி போல ஒரு முள் இருக்கிறது. காற்சட்டை கிழிந்து இரத்தம் வழிந்தது. சவலைப் போட்டுவிட்டு அவன் ஓட, சேவல் வாசற்படிவரை துரத்தியது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் போனில் படம் எடுத்தார்கள். மேல்மாடி யன்னலில் நின்ற மனைவி நிலாணி தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள்.

அவன் படியேறி வந்து, கன்னத்தையும் காதையும் சேர்த்து அறைந்தான்.

“ஏன் சிரிச்சனி? சொல்லு, ஏன் சிரிச்சனி?”

இடது காது மூன்று நாள் இரைந்தது. பத்தொன்பது வருடக் கலியாணத்தில் அது ஐந்தாவது தடவை என்று பிறகு எனக்குச் சொன்னாள். ஒவ்வொன்றும் எங்கே நின்றபோது விழுந்தது, அதற்கு முன் தான் என்ன சொல்லியிருந்தாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

நிலாணியும் நானும் ரெக்ஸ்டேலில் ஒரு கோழிப் பக்ரரியில் வேலை செய்கிறோம். ஸ்காபரோவிலிருந்து ஆட்களை ஏற்றிப் போகும் வான் வண்டியில் அவள் எப்போதும் எனக்குப் பக்கத்தில்தான் இருப்பாள். பக்ரரியில் கோழிகள் காலில் கொளுவப்பட்டுத் தலைகீழாக வரும். மின்சாரம் ஓடும் தண்ணீரில் தலை அமிழும். பிறகு சுழலும் கத்தி கழுத்தை அறுக்கும். தலையைத் தூக்கிக்கொள்ளும் கோழி கத்திக்குத் தப்பிவிடும். அப்படித் தப்பியவற்றின் கழுத்தை அறுக்க ஓர் ஆள் கத்தியோடு நிற்க வேண்டும். இரத்தம் முழங்கைவரை தெறிக்கும். ஒரு கோழிக்கு இரண்டு செக்கனுக்கு மேல் கிடையாது. அந்த இடத்தில் ஆட்கள் ஆறு மாதம் தாக்குப்பிடிப்பதே பெரிய காரியம். நிலாணி பதினாலு வருடமாக நிற்கிறாள். மெலிந்த உடம்பு, நாற்பத்திரண்டு வயது, கொஞ்சமும் நடுங்காத கை.

சேவலிடம் அடிவாங்கிய வீடியோ சொந்தக்காரர் எல்லாருடைய போனுக்கும் போனது. பிரம்டனில் இருக்கும் அவனுடைய தமையன் போனில் கோல் எடுத்துச் சிரித்தார். வினோதன் அதை மறக்கவில்லை. ரொறன்ரோ நகரத்துக்குள் வேட்டையாட முடியாது, ஆனால் ஒன்றரை மணித்தியாலம் கிழக்கே ஓடினால் சட்டப்படி வான்கோழி சுடலாம் என்று அவனோடு லொறி ஓட்டும் ஒருவன் சொல்லியிருக்கிறான். அதன்பிறகு அவனுக்கு வேறு கதையில்லை. துவக்குக்கு லைசென்ஸ் எடுக்கும் போமைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தான்.

“இதில ஒருக்கா சைன் வையும். மனுசியும் வைக்கவேணுமாம்.”

நிலாணி போமை எடுத்து ஆறுதலாக வாசித்தாள். கணவனோ மனைவியோ ஒப்பமிட வேண்டிய இடத்துக்குக் கிட்ட, பயமோ கவலையோ இருந்தால் கூப்பிடச் சொல்லி ஒரு தொலைபேசி இலக்கம் அச்சடித்திருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தாள்.

“எனக்கும் ஒரு போம் எடுங்கோ” என்றாள்.

“உமக்கென்னத்துக்கு?”

“வீட்டில துவக்கு இருக்கப்போகுதெண்டால் எனக்கும் அதைப் பிடிக்கத் தெரியவேணும். நீங்கள் என்ரையில சைன் வையுங்கோ, நான் உங்கடயில வைக்கிறன்.”

“நீர் ஆரைச் சுடப்போறீர்?”

“நீங்கள் ஆரைச் சுடப்போறியளோ, அதைத்தான். வான்கோழி.”

அவன் சிரித்தான். வகுப்பில் இரண்டாம் நாளே அழுதுகொண்டு திரும்பிவிடுவாள் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த இலக்கத்துக்கு ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்டபோது, “கூப்பிட்டிருந்தால் அண்டைக்கே ஆறாவது விழுந்திருக்கும் அக்கா” என்றாள்.

வகுப்புகள் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தன. யாழ்ப்பாணத்துச் சனம் என்றால் துவக்கோடு பிறந்து வளர்ந்தவர்கள் என்று படிப்பித்தவர் நினைத்துவிட்டார். நிலாணி சாவகச்சேரியில் பிறந்தவள். துவக்கின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருந்தாள். பின்பக்கத்தை முதல்முதலாகத் தோளில் வைத்தபோது, இதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு நாங்கள் இவ்வளவு சின்னதாகவா தெரிந்தோம் என்று நினைத்தாளாம்.

வான்கோழி வேட்டையில் மனிதர் மனிதரைத் தவறிச் சுடுவது எப்படி நடக்கிறது என்பதற்கே படிப்பித்தவர் அரைநாள் எடுத்தார். பறவைக்குக் கண் கூர்மை என்பதால் வேட்டைக்காரர் தலையிலிருந்து கால்வரை இலை நிற உடுப்புப் போட்டு, பேட்டின் குரல் எழுப்பி, அசையாமல் இருப்பார்கள். தூரத்தில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரனுக்கு அது உண்மையான பேடு போலவே கேட்கும். ஆகவே குரல் வரும் திசைக்கு ஒருநாளும் ஊர்ந்து போகக்கூடாது. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருப்பதால் அந்த மூன்று நிறங்களும் உடம்பில் எங்கும் தெரியக்கூடாது. பறவையை முழுதாகக் காணாமல் விசையில் விரல் வைக்கக்கூடாது. நிலாணி கொப்பியில் எழுதினாள். வினோதன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சையில் அவளுக்குத் தொண்ணூற்றாறு. அவன் இரண்டாவது தடவைதான் பாஸ் பண்ணினான்.

இரண்டு துவக்கு வந்தது. அவனுடையது பெரியது. அவளுடையது தோளில் குறைவாக இடிப்பது. பேஸ்மன்டில் இரும்பு அலுமாரி வைத்து, தனக்கு மட்டும் தெரிந்த இலக்கத்தைப் பூட்டில் போடப் பார்த்தான். “அப்ப எனக்கு வேற அலுமாரி” என்று அவளும் ஒன்று வாங்கினாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் அட்சயா கீழே இறங்கி வந்து இரண்டு அலுமாரியையும் பார்த்துவிட்டு, “திஸ் இஸ் நொட் நோர்மல் அம்மா” என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

அடுத்த வருடம் சித்திரைக் கடைசியில் வேட்டைக்காலம் தொடங்கியது. லொறிக்காரச் சிநேகிதன் ஒரு பண்ணைக்காரியிடம் அனுமதி எடுத்துக் கொடுத்திருந்தான். விடியமுன் காட்டோரம் போய் இருந்தார்கள். குங்குமம் சிவப்பு என்பதால் நிலாணி அதை அழித்திருந்தாள். அவளிடம் சின்ன மரப்பெட்டி ஒன்று இருந்தது. மூடியைப் பக்கப் பலகையில் மெல்ல உரசினால் பேடு கூப்பிடும் சத்தம் வரும். குளியலறைக்குள் கதவைச் சாத்திவைத்து மாதக்கணக்காகப் பழகியிருந்தாள். அவள் உரசினாள். இருட்டுக்குள் ஒரு மரத்தின் மேலிருந்து சேவல் தொண்டை கிழியக் கத்தியது. நெஞ்சுக்குள் யாரோ கை விட்டதுபோல இருந்தது என்றாள். அவள் கூப்பிட்ட குரலுக்கு இந்த நாட்டில் ஓர் உயிர் அவ்வளவு ஆசையாகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டாள்.

வெளிச்சம் வர, சேவல் வயலில் இறங்கி வாலை விரித்தது. இன்னும் கிட்ட வரவேண்டும். வினோதனால் பொறுக்க முடியவில்லை. எழுபது அடிவைப்புக்கு அப்பால் நின்றதற்கு வெடி வைத்தான். சேவல் புரண்டது. சாகவில்லை. ஒரு செட்டை முறிந்து தொங்க, காலைத் தேய்த்துப் பற்றைக்குள் போகப் பார்த்தது. அவன் ஓடிப்போய்ச் சப்பாத்துக் காலால் மிதித்தான். அது வழுக்கிக்கொண்டு போனது. துவக்கைத் திருப்பிப் பிடித்து அடியால் குத்தினான்.

“ஓடுவியோ? இனி ஓடுவியோ?”

ஒரு கண் வெளியே வந்துவிட்டது. சேறும் இரத்தமும் இறகும் அவனுடைய முழங்கால்வரை அப்பியிருந்தன. அதன் தொண்டையிலிருந்து தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நிலாணி அவனுடைய முகத்தைத்தான் பார்த்தாள். அந்த முகத்தை ஐந்து தடவை கிட்டத்தில் பார்த்திருக்கிறாள்.

“தள்ளுங்கோ” என்று அவனைத் தோளால் இடித்தாள். நல்ல செட்டையைக் காலால் அமத்தி, தலைக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்து, இழுத்து முறித்தாள். இரண்டு செக்கன். பறவை அதன்பிறகும் உதறியது, ஆனால் அது வெறும் உடம்பு.

அவன் அந்தச் சேவலைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து, முதல் வீடியோ போன எல்லாருக்கும் அனுப்பினான். திங்கட்கிழமை வானில் நிலாணி என் காதுக்குள் சொன்னாள்: “அக்கா, அவர் அந்தக் கோழியைக் கொல்லேல்லை. அதுக்கு அடிச்சவர்.”

“பிறகேன் இனியும் போறாய்?”

“அவர் தனியப் போய்ப் பழகிறதை விட நான் பக்கத்தில நிக்கிறது நல்லம்.” பிறகு சொன்னாள்: “எனக்கும் விருப்பமா இருக்கு.”

வைகாசி மூன்றாவது சனிக்கிழமை மறுபடி போனார்கள். இலைகள் முழுதாக வந்துவிட்டதால் காட்டுக்குள் தூரம் பார்க்க முடியவில்லை. அவள் ஒரு பெரிய மேப்பிள் மரத்தில் முதுகைச் சாய்த்து இருந்தாள். அவன் பற்றைக்கு அந்தப் பக்கம், நூற்றைம்பது அடிவைப்புத் தள்ளி. ஆளையாள் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை இரண்டுபேரும் எழும்புவதில்லை என்று பேச்சு.

அவள் பெட்டியை உரசினாள். சேவல் பதில் சொன்னது. கிட்ட வந்தது. பிறகு பேச்சில்லை. நாற்பது நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. நுளம்பு கண் இமையில் கடித்தது. அவள் அசையவில்லை. இன்னொரு தரம் உரசிவிட்டு, பெட்டியை மடியிலிருந்து நிலத்தில் வைப்பதற்கு இடது கையை நீட்டினாள்.

சத்தம் பிறகுதான் கேட்டதாம். முதலில் யாரோ கொதிக்கிற மண்ணை அள்ளி முகத்தில் எறிந்தது போல இருந்தது. மரப்பட்டை தெறித்தது. வாய்க்குள் ஏதோ உடைந்தது. துப்பினாள், பல். சின்ன வயதில் ஷெல்லடிக்குப் பழகிய உடம்பு தானாகவே நிலத்தோடு படுத்துவிட்டது. அப்போதுதான் பற்றைக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. கிளிக்-கிளாக் என்று அடுத்த தோட்டா ஏறும் சத்தம்.

“வெடி வைக்காதேங்கோ! நான்! நான்!”

வாய் நிறைய இரத்தம். அந்த வார்த்தைகள் எப்படி வெளியே வந்தன என்று அவளுக்கே தெரியாது.

பேட்டின் குரல் வந்த திசையை நோக்கி அவன் ஊர்ந்து வந்திருக்கிறான். அது மனைவி உரசும் பெட்டி என்று அவனுடைய மூளையில் ஏறவில்லை. நிலாணி வேறு பக்கம் இருக்கிறாள் என்று நினைத்தானாம். ஏதோ அசைந்தது, சிவப்பாகத் தெரிந்தது என்று பிறகு பொலிசுக்குச் சொன்னான். அவளிடம் சிவப்பாக எதுவும் இருக்கவில்லை.

பற்றையைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தான். அவளைப் பார்த்தான். தாடையிலும் கழுத்திலும் தோளிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒவ்வொன்றிலுமிருந்து இரத்தம் நூலாக இறங்கியது. இடது காதின் மேற்பாதி இல்லை.

“ஏன் அசைஞ்சனி?” என்று கத்தினான். “ஏனடி அசைஞ்சனி?”

அதன்பிறகுதான் முழங்காலில் விழுந்து தலையில் அடித்து அழுதான்.

அந்த இடத்தில் நடந்த ஒன்றை அவள் பொலிசுக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொன்னாள். அவளுடைய துவக்கு வலது கைக்குக் கிட்டக் கிடந்தது. உள்ளே தோட்டா இருந்தது. அவன் குனிந்து அழுதுகொண்டிருந்தான். பிடரி மூன்று அடிக்குள் தெரிந்தது.

“கை போச்சுதக்கா. போய்த் துவக்கைப் பிடிச்சிட்டுது. இரண்டு செக்கன். எனக்கு இரண்டு செக்கன் எண்டால் எவ்வளவு நேரமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

அவள் துவக்கை எடுத்தாள். விசை இழுபடாதபடி பூட்டினாள். தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி இலைகளுக்குள் போட்டாள். பிறகு அவனுடைய துவக்கையும் இழுத்தெடுத்து அதையும் வெறுமையாக்கினாள். கை இரத்தத்தில் வழுக்கியது. “இனித் தூக்குங்கோ” என்றாள். அவன் அவளைப் பண்ணை வீடுவரை தூக்கிக்கொண்டு ஓடினான். பண்ணைக்காரி கழுத்தைத் துவாயால் அமத்திப் பிடித்தபடி அம்புலன்சுக்கு அடித்தாள்.

உடம்பில் முப்பத்தொரு சன்னம், வெடியோடு சிதறும் சின்ன ஈயக் குண்டுகள். பத்தொன்பதை எடுத்தார்கள். மிச்சத்தைத் தோண்டினால் நரம்பு போய்விடும் என்று உள்ளேயே விட்டுவிட்டார்கள். தாடை எலும்பு வெடித்திருந்ததால் பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டினார்கள். இரண்டாம் நாள் ஒரு பெண் பொலிஸ் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். உங்கள் கணவர் வேண்டுமென்று சுட்டாரா என்று கேட்டாள். நிலாணி பேச முடியாததால் கொப்பியில் எழுதினாள்: இல்லை. அவர் என்னைக் காணவில்லை. இது விபத்து.

பொலிஸ்காரி அதை எழுதிக்கொண்டு எழும்பினாள். எழும்பும்போது, எல்லாரிடமும் கேட்பதுபோல இன்னொன்று கேட்டாள். வீட்டில் உங்களுக்குப் பயமில்லையே?

நிலாணி கொப்பியைத் திரும்ப வாங்கினாள். அன்று மூன்று பக்கம் எழுதினாள். யன்னலில் நின்று சிரித்ததிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி, ஐந்தையும்.

துவக்குகளைப் பொலிஸ் எடுத்துக்கொண்டு போனது. வினோதன் கவனமில்லாமல் சுட்டதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். பல வருடம் வேட்டைக்குப் போகத் தடை. அடித்த வழக்கு வேறாக நடந்தது. கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போகச் சொன்னார்கள், போனான். பிரம்டனில் தமையன் வீட்டில் இருக்கிறான். அட்சயாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கிறான். அவன் மிருகமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சோறு தண்ணியில்லாமல் நாலு நாள் நின்றதை நானே பார்த்தேன். ஆனால் இன்றைக்கும் யாராவது கேட்டால், அவள் அசையாமல் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திராது என்றுதான் தொடங்குகிறானாம்.

எங்கள் சனம் சும்மா விடுமா? கோயிலில், பிளாசாவில், வானில் எல்லாம் இதே கதை. நிலாணி வேலைக்குத் திரும்பிய முதல் கிழமை, வானில் முன்சீற்றில் இருக்கும் தவமணி அன்ரி திரும்பிப் பார்த்துக் கேட்டே விட்டார்.

“தவறிப் பட்ட வெடிக்கு ஆரும் புருசனை விடுவினமே பிள்ளை?”

தாடை அப்போதும் முழுதாகத் திறக்காது. நிலாணி பல்லுக்கிடையால் சொன்னாள்: “வெடிக்கு விடேல்லை அன்ரி. அது தவறினது. அறைஞ்சது தவறினதில்லை.”

தவமணி அன்ரி முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாரியில் அவளுடைய துவக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். விற்றுப்போடு என்று நானே சொன்னேன். அட்சயா அழுதாள். மரப்பெட்டி காட்டில் தொலைந்துவிட்டதால் நிலாணி புதிதாக ஒன்று வாங்கினாள்.

போன வைகாசியில் தனியாகப் போனாள். அதே பண்ணை, பண்ணைக்காரி கேட்டைத் திறந்துவிட்டு, வேறொருவரையும் அன்றைக்கு உள்ளே விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். அந்த மேப்பிள் மரத்தடிக்கு அவள் போகவில்லை. வயல் கரையில் வேறு மரம் பார்த்து இருந்தாள். முதல் அரைமணித்தியாலம் சருகு சரசரத்தால் தோள் தானாகக் குறுகியது. ஒருதரம் எழும்பிக் கார்வரை நடந்துபோய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாளாம்.

ஏழு மணிபோல இரண்டு சேவல்கள் வந்தன. அவளுடைய குரலுக்குத்தான் வந்தன, ஆனால் வயல் நடுவில் ஒன்றையொன்று கண்டதும் அவளை மறந்துவிட்டன. கழுத்தைக் கழுத்தால் பின்னி முறுக்கி, செட்டையால் அறைந்து, முள்ளால் நெஞ்சைக் கிழித்துச் சண்டை பிடித்தன. இறகு பறந்தது. பெரியது சின்னதின் தலையைக் கவ்வி நிலத்தில் தேய்த்தது. சின்னது ஒரு கண்ணில் இரத்தம் ஒழுக ஓடியது. பெரியது துரத்தவில்லை. மூச்சிரைத்தபடி தலையை நிமிர்த்தி, பேடு எங்கே என்று அவள் இருந்த பக்கம் பார்த்தது. முப்பது அடிவைப்பு. முழுப் பறவையும் தெரிந்தது. நெஞ்சில் தாடிபோல் தொங்கும் மயிர், சிவந்த கழுத்து, நீல முகம் எல்லாம்.

அவள் சுட்டாள்.

தலை பின்னுக்கு மடிந்தது. ஓடிப்போய்ச் செட்டையை மிதித்துக்கொண்டு பார்த்தாள், முறிக்கத் தேவையிருக்கவில்லை. உடம்பு உதறி அடங்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தாள். சூடு கையில் ஏறியது. பக்ரரியில் இலட்சக்கணக்கில் கோழிகளை அறுத்திருக்கிறாள். இதுக்கு மட்டும் கை நடுங்கியது என்றாள். சந்தோசமா கவலையா என்று கேட்டேன். “இரண்டும் இல்லையக்கா. பசிச்சுது” என்றாள்.

வேறு வேட்டைக்காரர் உயிருள்ள சேவலென்று சுட்டுவிடாதபடி பறவையைச் செம்மஞ்சள் பைக்குள் போட்டுக்கட்டி, காருக்குக் கொண்டுபோனாள். வீட்டில் காராஜுக்குள் வைத்து இறகு பிடுங்கி, வெட்டி, நல்ல உறைப்பாகக் கறி வைத்தாள். அன்று பின்னேரம் என்னையும் சாப்பிட வரச்சொல்லியிருந்தாள். தொடை இறைச்சி மூன்று மணித்தியாலம் கொதித்தும் அவியவில்லை. தாடை சரியில்லாததால் நிலாணி சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து ஒருபக்கமாகச் சப்பினாள். அட்சயா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாண் துண்டு ஒன்றைக் குழம்பில் தோய்த்தாள்.

“டூ ஸ்பைசி” என்றாள்.

“தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுத் தின்” என்றாள் நிலாணி.